நீ எந்தக் கட்சி என்று கிருபா கேட்டாள்

தாமலே,

இன்று மாலை நாலு மணிக்கு வெங்காய போண்டா வாசனை கேண்டீனிலிருந்து மாடிப்படி ஏறி வந்து நம் அறைக்குள் நுழைந்தது. நான் சொல்லி அனுப்பவில்லை. வணிகவியல் சார்தான் சொல்லியிருக்கிறார். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "லிஸ்ட்டு வந்துடுச்சு மேடம். பழக்கதோஷம், கை தானா போன எடுத்துடுச்சு" என்றார். உன் நாற்காலியில் இப்போது புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளர் உட்காருகிறாள். அந்தப் பெண் எழுந்து நின்று, "என்ன சார் விசேஷம்? யாருக்காவது பர்த்டேவா?" என்று கேட்டாள். சார் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு போண்டாவை எடுத்துப் பிட்டேன். உள்ளே இருந்த சூடு விரலைச் சுட்டது. அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகங்கள் எவை என்று வருடா வருடம் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாள், ஊரில் வேறு யாருக்கும் பண்டிகை கிடையாது. நமக்கு மட்டும்தான். பொருளாதாரமும் வரலாறும் பங்குபோட்டுக்கொண்ட அந்த ஒற்றை அறையில், ஒரு தட்டு போண்டாவை நடுவில் வைத்துக்கொண்டு, நீ ஒரு கட்சி நான் ஒரு கட்சி என்று தொண்டை வறளச் சண்டை போடுவோம். நம் கல்லூரி அந்தப் பட்டியலின் வாசல்படியைக்கூட மிதித்ததில்லை என்பது வேறு விஷயம். "கல்யாணப் பத்திரிக்கையே வராத வூட்டுக்கு மொய் எழுதறதப் பத்தி சண்ட" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

உன்னைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை, நினைவிருக்கிறதா? இதே கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த அன்றைக்கு, வருகைப் பதிவில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். வகுப்பெடுக்க வந்தவர் குழம்பிப்போய், ஊரைச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். நீ தாமலில் இருந்து பஸ் ஏறி வருகிறவள். நான் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓசைக்கு நடுவில் தூங்கி எழுந்து வருகிறவள். அன்றிலிருந்து நீ தாமல், நான் பாளையம். பிறகு இருவரும் இங்கேயே ஆசிரியர்களாக வந்து சேர்ந்தபோதும் அது மாறவில்லை. முதல்வர் நடத்தும் கூட்டத்தில்கூட நீ "பாளையம் சொல்றது சரிதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாய்.

பட்டியல் சண்டை எப்படித் தொடங்கியது என்பதை எழுதியாக வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் வந்தது. நம் பட்டிமன்றக் குழுப் பிள்ளைகள் ஒரு மாதிரிப் பட்டிமன்றம் பேசிக் காட்டச் சொன்னார்கள். அந்த வாரம்தான் பட்டியல் வந்திருந்தது. தலைப்பு கிடைத்துவிட்டது. யார் எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பட்டியல் சொல்வதே சரி, ஆராய்ச்சியும் ஆய்வகமும் பெரிய பேராசிரியர்களும் இருக்கிற இடமே சிறந்த பல்கலைக்கழகம் என்று ஒரு கட்சி. இல்லை, எங்கேயோ கிடந்த பிள்ளையை எந்தப் பல்கலைக்கழகம் அதிக தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அதுதான் சிறந்தது என்று இன்னொரு கட்சி. பேசி முடித்ததும் நீ பிள்ளைகளிடம், "அடுத்த வருஷம் நாங்க ரெண்டு பேரும் கட்சி மாறிப் பேசுவோம். எதிராளி கட்சிய அவனவிட நல்லா பேசத் தெரிஞ்சாத்தான் மேடை ஏறணும்" என்றாய். பிள்ளைகளுக்காகச் சொன்னது நமக்கு வழக்கமாகிவிட்டது. வருடத்துக்கு வருடம் கட்சி மாறும். மனசாட்சிக்கு அதில் வேலையே இல்லை.

எவ்வளவு அநியாயமாகப் பேசியிருக்கிறோம்! ஒரு வருடம் நான் இரண்டாவது கட்சி. என் வீட்டுச் சரக்கையே எடுத்து விட்டேன். "நல்ல பட்ட குடுத்து நெய்யச் சொன்னா எந்தத் தறியிலயும் பொடவ வரும். சிக்கு வுழுந்த பாவு நூல எடுத்து, பிரிச்சு, நேராக்கி நெய்யறான் பாரு, அவன்தான் நெசவாளி. பொறுக்கி எடுத்த பசங்கள வெச்சுக்கினு முதலிடம் வாங்கறதுல இன்னா பெரும?" என்றேன். மேசையைத் தட்டிக் கைதட்டல் வாங்கினேன் என்றே நினைத்தேன். நீ போண்டாவை மென்று விழுங்கிவிட்டு, அவசரமே இல்லாமல் கேட்டாய்.

"சிக்குப் பாவுல நெய்ஞ்ச பொடவைய உன் தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு எடுப்பியாடி?"

அறையே சிரித்தது. அடுத்த வருடம் அதே இரண்டாவது கட்சி உன் முறை. உன்னுடைய கேள்வியையே உன்மேல் திருப்பிப் போட்டேன். நீ கூசாமல், "எடுப்பேன். பொடவ நல்லா இருந்தா பாவுல சிக்கு இருந்துச்சான்னு கட்டிக்கினவளுக்கு எப்டித் தெரியும்?" என்றாய். முந்தின வருடம் அந்தக் கேள்வியைப் போட்டவளே நீதான் என்பது உன் முகத்தில் துளிக்கூடத் தெரியவில்லை. உன்னைப் போலக் கெட்டிக்காரி நம் ஊரில் அரசியலுக்குப் போகாதது அரசியல்வாதிகள் செய்த புண்ணியம்.

ஊரார் அபிப்பிராயத்துக்கும் பட்டியலில் மதிப்பெண் உண்டு என்று தெரிந்த அன்று நீ துள்ளிக் குதித்தாய். "பொண்ணு பாக்கப் போறவங்க அக்கம்பக்கத்துல வெசாரிக்கிற மாதிரி இல்ல இருக்குது! பக்கத்து வூட்டுக்காரிக்கும் அந்தப் பொண்ணுக்கும் கொழாயடியில தகராறு இருந்தா இன்னா செய்வாங்க?" வணிகவியல் சார் இடையில் புகுந்து, நம் ஊரில் எந்தக் கோயில் முதலிடம் என்று யாராவது பட்டியல் போட்டால் ஊர் இரண்டாகிவிடும் என்றார். "பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம்னு ஊரு ஏற்கெனவே ரெண்டாத்தான் சார் இருக்குது. இன்னும் எத்தனையா ஆவும்?" என்றாய் நீ. அவர் அன்றைக்குப் போண்டா சாப்பிட மறந்தே போனார்.

கல்லூரியெல்லாம் மூடிக் கிடந்த அந்தக் காலத்தில் பட்டியல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. திறந்த பிறகு வந்த முதல் பட்டியல் நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது. இருவருமே ஆவேசமாகப் பேச ஆரம்பித்தோம். நீ பட்டியலை ஒரு பிடி பிடித்தாய். நான் அதற்கு மேல் ஒரு பிடி. நீ ஆமாம் என்று சொல்லிக்கொண்டே என்னை முறைத்தாய். நான் உன்னை மறுப்பதாக நினைத்துக்கொண்டு நீ சொன்னதையே உரக்கச் சொன்னேன். குரல் ஏறியது, முகம் சிவந்தது, தட்டில் போண்டா ஆறிப்போனது. வெகுநேரம் பொறுத்துப் பார்த்த வணிகவியல் சார் கையைக் கூப்பி, "அம்மா தாயே, ரெண்டு பேரும் ஒரே கட்சி பேசிக்கினு இருக்கீங்க" என்றார். இடையில் ஒரு வருடம் விடுபட்டதில் முறை குழம்பிப்போய், ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருக்கிறோம்! நீ மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாய். உன் மூக்குக்கண்ணாடி சட்னியில் விழுந்தது.

போன வருடம் பட்டியல் வந்தபோது நீ மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாய். என் போனில் பார்த்து முதல் பத்துப் பெயரைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடியபடி கேட்டாய். "இந்த வருஷம் யாரு எந்தக் கட்சிடி?" என்றாய். எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. "வுடு. அடுத்த வருஷம் ரெண்டையும் சேத்து வெச்சிக்கலாம்" என்று சொல்லி என் கையைத் தட்டினாய். நானும் சரி என்றேன். நீ போய்விட்டாய். உன் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிப்ட் போய் வருகிறார். மெலிந்துவிட்டார், ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் சர்ச்சுக்குப் போய் நீ உட்காரும் பெஞ்சிலேயே உட்காருகிறாராம்.

இனி உன் மகள் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்த மடலே.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் கிருபா என் வீட்டுக்கு வந்தாள். கீழே தம்பியின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மகள் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் முந்தானை டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். கிருபாவின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ முடிச்சு விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. புள்ளியியல் முதுகலைக்கு அவளுக்கு இரண்டு இடத்தில் சீட்டு கிடைத்திருந்தது. ஒன்று, நாம் வருடா வருடம் பட்டியலின் உச்சியில் பார்த்துத் திட்டியும் மெச்சியும் பேசிய அந்த வடக்கத்திப் பல்கலைக்கழகம். ரயிலில் இரண்டு ராத்திரி. இன்னொன்று, இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம். பட்டியலில் அதைத் தேடினால் விரல் வலிக்கும். அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

"அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"உன் இஷ்டம்மா, உங்கம்மா இருந்தா கரெக்டா சொல்லியிருப்பான்னு சொல்லிட்டு அழறாரு. அதான் உங்ககிட்ட வந்தேன் பெரிம்மா." தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் இதப் பத்தித்தானே ஃபைட் பண்ணீங்க. அம்மா வூட்டுக்கு வந்து நீங்க சொன்னதையும் சொல்வாங்க, அவங்க சொன்னதையும் சொல்வாங்க. கேக்க செம்ம ஜாலியா இருக்கும். ஆனா எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அம்மா உண்மையில எந்தக் கட்சி?"

தாமலே, எனக்குத் தெரியவில்லை.

ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். உனக்கு எந்தக் கடைக் காபி பிடிக்கும், எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கும், எந்த நாத்தனாரைக் கண்டால் ஆகாது என்று எல்லாம் தெரியும். உன் மகள் வாழ்க்கைக்கு வழி கேட்டு வந்து நிற்கும்போது, அவளுக்கு வேண்டிய அந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. விளையாட்டுக்குக் கட்சி மாறுகிறவள், விளையாட்டு முடிந்த பிறகு ஒரு நாளாவது, "பாளையம், மெய்யாலுமே நான் நெனைக்கிறது இதுதான்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? கிருபாவிடம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் போய்வந்தால் அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாம், செலவும் மிச்சம் என்று அவள் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னாள், சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கல்லூரிக்கு நடந்து போகும்போது வழியெல்லாம் நீ பேசியதையே பொறுக்கிக்கொண்டு போனேன். பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஆதரவாக நீ சொன்னதில் நெஞ்சைத் தொட்டது ஒன்றை எடுப்பேன். உடனே அதற்கு எதிராக நீ சொன்னது அதைவிட உருக்கமாக நினைவுக்கு வரும். "எங்கப்பா மாதிரி ஆளுங்க புள்ளைங்க அந்த உச்சாணிக்குப் போய்க் குந்தணும்டி, கீழயே இருந்துக்கினு நியாயம் பேசினா பத்தாது" என்று ஒரு வருடம் சொன்னாய். உன் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு உன்னைப் படிக்க வைத்தவர் என்று தெரிந்த நான் அன்று வாதத்தை அதோடு விட்டுவிட்டேன். அடுத்த வருடமே, "உச்சாணியில இருக்கறவங்களுக்கு ஏணி எதுக்கு? ஏணி வெச்சிருக்கறவங்களுக்கு மார்க்குப் போடுங்க" என்றாய். அதுவும் உன் அப்பாவை நினைத்துச் சொன்னதுதான். எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது? பூக்கடை முனையில் நின்றுவிட்டேன். பூக்காரம்மா, "இன்னாம்மா, எதுனா மறந்துட்டியா?" என்றாள்.

ஆமாம், ஒன்றை மறந்திருந்தேன். இருவரும் ஒரே கட்சி பேசிய கூத்தில் பாதியைத்தான் மேலே எழுதினேன். மீதி அங்கே நின்றபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நீ வணிகவியல் சாரைப் பார்த்துச் சொன்னாய்: "கட்சி கெடக்குது சார். எந்தப் பக்கம் பேசினாலும் நான் கேக்கறது ஒண்ணுதான். மொத பரிச்சையில வுழுந்தவன அங்க யாரு தேடிக்கினு வராங்க?" சார் இதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது போலிருக்கிறது என்றார். "அதான் கேக்கறேன்" என்றாய்.

அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு வருடமும், எந்தக் கட்சியில் இருந்தாலும், நீ அதைக் கேட்டிருக்கிறாய்! பட்டியல் கட்சியில் இருந்தபோது, பெரிய இடத்தில்தான் விழுந்தவனைக் கவனிக்க ஆள் இருக்கும் என்றாய். எதிர்க் கட்சியில் இருந்தபோது, சின்ன இடத்தில்தான் விழுந்தவன் முகம் தெரியும் என்றாய். பதில் மாறியது. கேள்வி மாறவே இல்லை. உன் வாதம் முழுவதையும் வருடா வருடம் கழற்றி மாட்டினாய், அந்த ஒரு கேள்வியை மட்டும் கழற்றவில்லை. இத்தனை காலம் எதிரில் உட்கார்ந்திருந்தும், பதில் சொல்லும் அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

அந்தக் கேள்வி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ சென்னைக்கு முதுகலை படிக்கப் போனாயே, நம் வகுப்பிலேயே நீ மட்டும்தான் அவ்வளவு பெரிய இடத்துக்குப் போனாய். முதல் பருவத்தில் இரண்டு தாளில் தேறவில்லை. யாரிடமும் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாய். வீட்டுக்குப் போகப் பயந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாய். நாள் கணக்கில் என்னோடு இருந்தாய். பிறகு விஷயம் தெரிந்து உன் அப்பா வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், பெட்டியைத் தன் தோளில் வைத்து உன்னைத் திரும்ப பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது. பிற்பாடு ஒரே ஒரு தடவை அதைப் பற்றி என்னிடம் பேசினாய். "ஃபெயிலானது கூட வலிக்கலடி. திரும்பிப் போனப்போ, நான் போயிருந்ததே யாருக்கும் தெரியல. அதான் வலிச்சுது" என்றாய்.

அன்று சாயங்காலமே ஓரிக்கைப் பக்கம் உன் வீட்டுக்குப் போனேன். கிருபாவிடம், "உங்கம்மா எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா அவ என்ன கேப்பான்னு தெரியும்" என்று சொல்லி, கேள்வியைச் சொன்னேன். டிரங்குப் பெட்டிக் கதையையும் சொன்னேன். சொல்லலாமா என்று உன்னிடம் கேட்க வழியில்லை, நானாகவே முடிவெடுத்தேன்.

"அம்மா ஃபெயிலா?" என்றாள். வாய் பிளந்தபடி இருந்தாள். "எங்கம்மாவா?" சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு அதான் பெரிம்மா பயம். ரேங்க்கு, டிஸ்டன்ஸ், ஹிந்தி அதெல்லாம் இல்ல. அங்க எல்லாரும் பெரிய ஸ்கூல்ல படிச்சவங்க. நான் அங்க போயி முழுகிட்டா, யாருக்குத் தெரியும்?"

பஸ் தூரத்தில் இருக்கும் இடத்தைப் பற்றி அவள் அன்று நியாயம் பேசியதெல்லாம் இந்தப் பயத்துக்குப் போட்ட போர்வைதான் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் இரண்டு இடத்துக்கும் அவளே போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே கேள்வி: முதல் தேர்வில் தவறினால் என்ன செய்வீர்கள்? மாநிலப் பல்கலைக்கழகத்தில் துறைப் பேராசிரியர் ஒருவரே பேசினார். நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. "பொய் சொல்ல மாட்டேன்மா. மனசு இருக்குது, ஆளு இல்ல. பாதி இடம் காலியாவே கெடக்குது. இருக்கறவங்க பேப்பர் திருத்தி முடிக்கறதுக்குள்ளயே அடுத்த பரிச்ச வந்துடுது. அரியர் எழுதி எழுந்து வரவங்க வராங்க" என்றார். போனை வைத்த பிறகும் அவர் குரல் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஏனென்றால் அது நம் குரல். நம் கல்லூரியைப் பற்றி யாராவது கேட்டால் நானும் நீயும் அப்படித்தானே சொல்லியிருப்போம்?

வடக்கே அலுவலகத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவராக எண் வாங்கி, கடைசியில் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் தருமபுரிப் பெண் ஒருத்தி கிடைத்தாள். கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள். "நானே விழுந்தவதான்! மார்க்கு வந்ததும் ரூமைப் பூட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். எங்க சீனியர் ஒருத்தங்க வந்து இழுத்துட்டுப் போனாங்க. இங்க தெனமும் சாயங்காலம் ஒரு ஹால் எங்களுக்குன்னே திறந்திருக்கும். சீனியர்ஸ் முறை வெச்சு வந்து சொல்லித் தருவாங்க. வாத்தியாருங்களும் வந்து உக்காருவாங்க. இந்த வருஷம் சொல்லித் தர்றது நானு. தைரியமா வா" என்றாள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தாயா? உச்சியில் இருப்பவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள், அடியில் இருப்பவர்கள் எல்லாம் கருணைக் கடல் என்று நாம் எத்தனை தடவை பேசிக் கைதட்டல் வாங்கினோம். நிஜத்தில், கருணை இருந்த இடத்தில் ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் யாரோ சிலர் கருணையையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். சின்ன இடங்களுக்கு ஆளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பட்டியல் போடுங்களேன் பார்க்கலாம் என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது. கத்த நீ இல்லை. தம்பியிடம் கத்தினேன். அவன் தறியை நிறுத்தாமலே தலையாட்டினான்.

கிருபா வெள்ளிக்கிழமை காலையிலேயே வடக்கை ஏற்றுக்கொண்டாள். சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிடப் போனபோது உன் வீட்டுக்காரர் அழவில்லை, நான்தான் ஊரைக் கூட்டினேன். ரயில் நகர்ந்த பிறகு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் சொன்ன வார்த்தையை நம்பி, நீ பெற்ற ஒரே பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டேன். அந்த ஹால் கதை உண்மையா? அந்த தருமபுரிப் பெண்ணுக்கு நடந்தது இவளுக்கும் நடக்குமா? இந்த மூன்று மாதமும் தொலைபேசி மணி அடித்தால் முதலில் எனக்கு வருவது அந்தப் பயம்தான்.

இன்று வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். சிக்குப் பாவு வரைக்கும் எழுதியிருந்தபோது அவள் போன் வந்தது.

"பெரிம்மா, மிட் செமஸ்டர் மார்க்கு நேத்து போட்டாங்க. ஒரு பேப்பர்ல வுழுந்துட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அம்மா கேள்விய நீங்க கேக்காதீங்க, நானே சொல்லிடறேன். இன்னிக்குக் காலைல க்ளாஸ் முடிஞ்சதும் சார் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. கரெக்டா என் பேரு, பெரிம்மா. எங்க தப்பு பண்ணேன்னு பேப்பர வெச்சிக்கினு அரை மணி நேரம் பேசினாரு. மத்தியானம் தருமபுரி அக்கா வந்து, சாயங்காலம் வரலன்னா ரூமுக்கே வந்துடுவேன்னு மெரட்டிட்டுப் போயிருக்காங்க. இப்ப அந்த ஹாலுக்குத்தான் நடந்துக்கினு இருக்கேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வெக்கட்டுமா?"

குரலில் அழுகை இல்லை. லேசாக மூச்சு வாங்கியது, வேகமாக நடக்கிறாள் போலிருக்கிறது. பின்னணியில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இதோ!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாள். தேர்வில் தவறியதாக ஒரு பிள்ளை சொல்லக் கேட்டு என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்த மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரின் குரல்தான் இன்னும் என்னை விடவில்லை. மனசு இருக்குது, ஆளு இல்ல. அரசாங்கம் ஆள் போடும்போது போடட்டும். விழுந்த பிள்ளைகளுக்காக நம் அறையைச் சாயங்காலம் திறந்து வைக்கப்போகிறேன், சொல்லித்தர இப்போதைக்கு நான் ஒருத்தி இருக்கிறேன். போண்டாவுக்கு விசேஷம் கேட்ட அந்தச் சின்னப் பெண்ணும் இருக்கிறாள். வணிகவியல் சாரிடம் போனில் பேசினேன், வாரத்தில் இரண்டு நாள் அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நாளைக் காலை நம் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளின் முதல் தேர்வு முடிவை ஒட்டுகிறார்கள். பார்த்துவிட்டு யாரோடும் பேசாமல் வாசல் பக்கம் நடக்கிற பிள்ளைகள் சில பேர் இருப்பார்கள். வாசலில் நான் நிற்பேன்.